மிஷனெரி உண்டியல்: எதை வாங்கலாம், எதை விடலாம்

ஒரு மிஷனெரியின் மாதச் செலவை ஏற்றுத் தாங்கும் சபைகளில் வீட்டுக்கு ஒரு சின்ன உண்டியல் கொடுப்பது நம் குமரி மாவட்டத்தில் பழகிப்போன ஏற்பாடு. ஃபிரிட்ஜ் மேலோ வேதப்புத்தக அலமாரியிலோ அது உட்கார்ந்திருக்கும். வாங்கும்போது எல்லா உண்டியலும் நன்றாகத்தான் தெரியும். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும்போதுதான் லட்சணம் தெரியும். தகரம், பிளாஸ்டிக், மண், அட்டை என்று புழக்கத்தில் இருக்கும் நாலு வகையையும், சபைக் கோயில் வாசலில் வைக்கும் மரப்பெட்டியையும், இப்போது வந்திருக்கும் க்யூஆர் அட்டையையும் இங்கே எடை போட்டிருக்கிறோம். சேகரப் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகளின்) பொருளாளர்களும் பெண்கள் சங்கத்தாரும் வாங்குமுன் படிக்கட்டும்.

கன்வென்ஷனில் மொத்தமாகக் காணிக்கை எடுத்து அனுப்பிவிட்டால் போதாதா, உண்டியல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மிஷனெரிக்கு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் மாதாமாதம் வரும். மனமுருகிப் போட்ட ஆயிரம் ரூபாய் அந்த மாதத்தோடு கரைந்துவிடும். வாரத்தின் முதல்நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கபடி தன்னிடத்தில் சேர்த்துவைக்கச் சொல்லும் 1 கொரிந்தியர் 16:2 வீட்டு உண்டியலைத்தான் சொல்கிறது என்றே படிக்கலாம். 1792ல் மிஷனெரி முன்னோடி வில்லியம் கேரி மிஷன் பணிக்குக் கேட்டதும் ஆளுக்கு வாரம் ஒரு பென்னிதான். 1806ல் ரிங்கல்தௌபே என்ற மிஷனெரியை நம் மாவட்டத்து மயிலாடிவரை கொண்டுவந்த லண்டன் மிஷனெரி சங்கமும் மக்கள் கொடுத்த காணிக்கையில் நடந்தது. அதே சங்கம் 1844ல் பசிபிக் தீவுகளுக்கு அனுப்பிய ஜான் வில்லியம்ஸ் கப்பலை வாங்கியது குழந்தைகள் சேர்த்த காசில். வாங்கிய பக்கத்தில் இருந்த ஊர் நாம். இப்போது கொடுக்கும் பக்கத்துக்கு வந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு மிஷனெரிக்கு மாதம் 12,000 ரூபாய் என்று சபை ஏற்றுக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். 100 வீடு, வீட்டுக்கு ஒரு நாளைக்கு 4 ரூபாய், 30 நாள்: சரியாக 12,000. காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் கொடுத்த உண்டியல் எல்லாம் நிறைந்து திரும்புவதில்லை. 60 மட்டும் ஒழுங்காக வரும் என்று வைத்துத் திட்டமிட்டால் மாதத்துக்கு 7,200. மீதி 4,800க்கு மிஷனெரி ஞாயிறு காணிக்கையையும் அறுப்பின் பண்டிகை ஏலத்தையும் முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும். நூறையும் நம்பி வாக்குக் கொடுத்த சபைதான் நாலாம் மாதத்தில் திணறும்.

இனி பெட்டிக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது வாய். 10 ரூபாய் நாணயமும் 20 ரூபாய் நாணயமும் 27 மி.மீ. அகலம். பழைய அச்சில் செய்யும் உண்டியல்களின் வாய் பல நேரம் 25 மி.மீ. தான், 5 ரூபாய்வரை போகும், 10 சிக்கும். வீட்டுக்காரர் கத்தியால் நெம்புவார், அதோடு வாய் கிழியும். 100 ரூபாய் நோட்டு 66 மி.மீ. உயரம், நீளவாக்கில் இரண்டாக மடித்தால் 33. எனவே 40 மி.மீ. நீளமும் 4 மி.மீ. அகலமும் உள்ள வாய் இரண்டுக்கும் போதும். அதற்குமேல் அகலம் வைத்தால் கவிழ்த்துக் குலுக்கும்போது காசு வெளியே வரும், வீட்டுச் சின்னப் பிள்ளைகள் அந்த வித்தையைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். கடைக்குப் போகும்போது ஒரு 10 ரூபாய் நாணயத்தைக் கையில் கொண்டுபோங்கள்.

அடுத்தது அளவு. பெரிய உண்டியல் வாங்கினால் நிறையச் சேரும் என்ற நினைப்பு தப்பு. ஆறு மாதத்துக்கு 720 ரூபாய் முழுவதும் 10 ரூபாய் நாணயமாகவே விழுந்தாலும் 72 நாணயம், ஒன்று 7.71 கிராம், மொத்தம் 555 கிராம். 7 செ.மீ. விட்டமும் 9 செ.மீ. உயரமும் உள்ள டப்பா தாராளம். பெரிய பெட்டியின் அடியில் நாலு காசு கிடந்து சத்தம் போட்டால் போடுகிறவருக்கே சலிப்பு வந்துவிடும்.

தகரம் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், பல வருஷம் வரும் என்பார்கள். குளச்சல், முட்டம் பக்கத்துக் கடற்கரை வீடுகளில் அப்படி வராது. உப்புக் காற்றில் மூடியின் மடிப்பிலும் பூட்டுக் கொண்டியிலும் முதலில் துரு ஏறும், அந்தத் துரு நோட்டில் ஒட்டும். வடக்கே, குலசேகரம், திருவட்டாறு பக்கம் உப்புக் காற்று இல்லை, மழை உண்டு. இருந்தாலும் அங்கே தகரம் பரவாயில்லை. வாங்குவதானால் உள்பக்கமும் வண்ணம் பூசியதா என்று பாருங்கள். சின்னப் பூட்டும் சாவியும் தரும் மாதிரியைத் தவிர்க்கலாம். நூறு சாவியில் பத்துச் சாவியாவது தொலையும், திறக்கும் நாளில் இடுக்கியோடு ஆள் தேட வேண்டிவரும்.

நாலில் எங்கள் ஓட்டு பிளாஸ்டிக் டப்பாவுக்கு. துருவில்லை, கரையான் இல்லை, திரும்பத் திரும்பப் பயன்படும். மூடி திருகும் வகையாக இருந்தால் மூடிக்கும் டப்பாவுக்கும் சேர்த்துச் சபை முத்திரை வைத்த ஸ்டிக்கர் ஒட்டினால் அதுவே பூட்டு. ஒளி ஊடுருவும் டப்பாவா, நிறம் போட்டதா என்பதில் மட்டும் இரண்டு கட்சி உண்டு. உள்ளே தெரிந்தால் பிள்ளைகள் ஆசையாகப் போடுவார்கள். ஆனால் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் தெரியும். பிள்ளைகளின் ஓய்வுநாள் பள்ளிக்குத் தெரிகிற டப்பா, வீட்டுக்குத் தெரியாத டப்பா என்று பிரித்துக் கொடுக்கலாம்.

மண் உண்டியலுக்கு ஒரு தனி அழகு உண்டு. பூட்டு வேண்டாம், எட்டிப் பார்க்க முடியாது, உடைக்கும் நாள் பிள்ளைகளுக்குத் திருவிழா. ஆனால் இருசக்கர வண்டியில் கோயிலுக்குக் கொண்டுவரும் வழியில் விரிசல் விடும். மழைக்காலத்தில் தரையில் வைத்தால் ஈரத்தை உறிஞ்சி நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உடைக்கும்போது சாக்குக்குள் வைத்து உடையுங்கள், இல்லாவிட்டால் ஓட்டுச் சில்லைப் பொறுக்கவே அரைமணி நேரம் போகும். ஒரு தடவைக்குத்தான் உதவும் என்பதால் மலிவு என்பதும் பாதி உண்மைதான்.

அட்டை உண்டியலை மிஷனெரி ஸ்தாபனங்கள் பல நேரம் இலவசமாகவே தரும். அரைக் கிலோ காசு ஏறினால் அடிப்பக்கம் பிரியும். மடிக்கும்போதே அடியில் குறுக்கும் நெடுக்குமாக நாடா ஒட்ட வேண்டும். நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் ஆக இரண்டு பருவமழை. ஜூன் மாதத்தில் அட்டை கொடுப்பது வீண். ஜனவரியில் கொடுத்து மே மாதம் வாங்கிவிட்டால் தப்பும். இலவசம் என்று மூன்று ஸ்தாபனத்து அட்டையை ஒரே வீட்டில் கொடுக்காதீர்கள். மூன்றும் பாதி காலியாகத்தான் வரும்.

கோயில் வாசல் பெட்டிக்கு நம் ஊர் அயினி மரம் போதும், தேக்கு ஆடம்பரம். இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு வெவ்வேறு வீடு. தரையோடு திருகாணி போட்டு முடுக்கிவிடுங்கள்.

பெட்டி எதுவானாலும் எண் எழுத மறக்காதீர்கள். எண், வீட்டுப் பெயர், கொடுத்த தேதி, வாங்கிய தேதி என்று நாலே கட்டம் உள்ள ஒரு பேரேடு போதும். மிஷனெரியின் படத்தை ஒட்டினால் ஜெபிக்க உதவும். படத்தோடு ஊர்ப் பெயரையும் அச்சிடுவதற்குமுன் ஸ்தாபனத்தைக் கேளுங்கள். மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கும் மாநிலங்களில் அது அவருக்கே இடைஞ்சல்.

திறக்கும் தேதியை உண்டியலின் மேலேயே எழுதிவிட வேண்டும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்குமுன் ஒன்று, கிறிஸ்துமஸ் செலவுக்குமுன் நவம்பரில் ஒன்று. ரப்பர் வெட்டை நம்பிய சபைகளில் இலையுதிரும் மாதங்களிலும் அடைமழையிலும் வரவு குறையும், அப்போது தேதி வைத்தால் பாதி உண்டியல் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போகும். எண்ணுகிறவர்கள் மூன்று பேர், ஒரே குடும்பத்தார் கூடாது. ஆராதனை முடிந்ததும் கோயிலிலேயே எண்ணி, எந்த நோட்டு எத்தனை என்று தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும். அந்தப் பணத்திலிருந்து டீச்செலவுகூட எடுக்கக் கூடாது. அது பொதுக்கணக்கில் போகட்டும். வீடுவாரியாகத் தொகையை வாசிப்பதை விட்டுவிடலாம், இரண்டு காசு போட்ட விதவையின் வீட்டுக்கு அது தண்டனை. மொத்தத்தை மட்டும் பலகையில் போடுங்கள்.

நாணயத்தை நூறு நூறாகப் பாலிதீன் பையில் கட்டிக்கொண்டு போனால் வங்கியில் வேலை சுலபம். 10 ரூபாய் நாணயம் செல்லாது என்று யாராவது சொன்னால், 14 வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே அறிவித்ததைச் சொல்லுங்கள். வரவு வைத்ததில் மூன்று மாதத் தொகையைக் கையிருப்பாக நிறுத்தி, மாதாமாதம் ஸ்தாபனத்தின் கணக்குக்கு அனுப்புங்கள், மிஷனெரியின் சொந்தக் கணக்குக்கு வேண்டாம். மொத்தமாக வந்ததை மொத்தமாக அனுப்பிவிட்டால் உண்டியல் வைத்ததன் பயனே போச்சு.

வளைகுடாவிலிருந்து வரும் பணத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய சொந்தக்காரர் அனுப்பினால் ஆகும். அதற்குரிய பதிவில்லாத சபை அதைத் தொடவே கூடாது. பதிவு இருந்தாலும், வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப்பின் அதை இன்னொரு ஸ்தாபனத்துக்குக் கைமாற்ற முடியாது. விடுமுறைக்கு வந்தவர்கள் ரியாலையும் தினாரையும் உண்டியலில் போட வேண்டாம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

க்யூஆர் அட்டை இளைஞர்களுக்கு வசதி. மிஷன் பணத்துக்குத் தனிக் கணக்கு இருந்தால் மட்டும் வையுங்கள், பொதுக் காணிக்கையோடு கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. தொகையை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டியைக் கோயிலுக்குள் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்ற இடத்தில் "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று அது கத்துகிறது.

சமைக்கும்போது மிஷனுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் தொடர்கிறது. ஒரு பிடி 40 முதல் 50 கிராம். நாளைக்கு ஒரு பிடி என்றால் மாதம் 1.2 முதல் 1.5 கிலோ. மாதம் தவறாமல் வாங்கி ஏலம் விட வேண்டும், இரண்டு மாதம் விட்டால் வண்டு வைத்துவிடும். புழுங்கலையும் பச்சையையும் ஒரே சாக்கில் கொட்டினால் வாங்க ஆள் வராது.

100 வீட்டுக்கு 110 டப்பா வாங்குங்கள். எண்ணை ஸ்டிக்கரில் எழுதாமல் பெயின்டில் எழுதுங்கள், ஸ்டிக்கரில் எழுதிய எண் முதல் துடைப்பிலேயே போய்விடும்.