கிருஷ்ணகிரியில் ஓர் ஆவண எழுத்தர் அலுவலகம்: 33 ஆண்டுகள் கழித்து எங்கள் பாகப்பிரிவினை

என் தந்தை 1991-இல் காலமானார். காவேரிப்பட்டணம் அருகே 1978-இல் அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய மாந்தோப்பும் அதை ஒட்டிய புஞ்சையும் 2024 வரை அவர் பெயரிலேயே பட்டாவில் இருந்தன. அம்மா 2012-இல் மறைந்த பிறகும், அண்ணன் தோப்பைப் பார்த்துக்கொள்ள, தங்கையும் நானும் குத்தகைப் பணத்தில் எங்கள் பங்கைப் பெற்றுக்கொண்டு காலத்தைக் கடத்திவிட்டோம். அண்ணன் பயிர்க்கடனுக்கு விண்ணப்பித்து, இறந்தவர் பெயரில் உள்ள சிட்டாவை வைத்துக் கடன் தர இயலாது என்று திருப்பி அனுப்பப்பட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

முதலில் நாங்கள் அணுகியவர், தங்கைக்குச் சீர் செய்து அனுப்பியாகிவிட்டதால் வாரிசுச் சான்றிதழில் அவர் பெயர் தேவையில்லை என்றார். அன்றே அவரை விட்டு விலகினோம். தந்தை உயில் எழுதாமல் விட்டுச்சென்ற சுய சம்பாத்தியச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே உள்ளது. 1989-லும் 2005-லும் வந்த திருத்தங்கள் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. அவற்றை இதனுடன் குழப்பிக்கொண்டு, திருத்தத்துக்கு முன்பே மணமான பெண்ணுக்கு எதிலும் உரிமையில்லை என்று இன்றும் நம் பக்கத்தில் சொல்லிவருகிறார்கள்.

அதன் பிறகு ஓர் உறவினர் சொல்லி, கிருஷ்ணகிரி நகரில் உரிமம் பெற்ற ஆவண எழுத்தர் ஒருவரிடம் சென்றோம். பத்திரத்தைப் பிரிப்பதற்கு முன்பே அவர் கேட்ட முதல் கேள்வி: "அப்பா இறந்த அன்று பாட்டி உயிரோடு இருந்தார்களா?" இருந்தார். தந்தையைப் பெற்ற பாட்டி 1998-இல்தான் மறைந்தார். அப்படியானால் அன்று வாரிசுகள் பாட்டி, அம்மா, நாங்கள் மூவர் என ஐந்து பேர். பாட்டிக்கு வந்த ஐந்தில் ஒரு பங்கு, அவருக்குப் பின் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் தலா பதினைந்தில் ஒன்றாகப் போகிறது, மீதி எங்கள் தந்தையின் வழியில் எங்களுக்கு வருகிறது என்று ஒரு தாளில் வம்சாவளி வரைந்து காட்டினார். இதை விட்டுவிட்டுப் பத்திரம் பதிந்திருந்தால், நாளை தோப்பை விற்கப் போகும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் அதே கேள்வியைக் கேட்டிருப்பார். அன்று கையெழுத்திட அத்தை இருப்பாரோ, மாட்டாரோ.

அத்தை அரூரிலிருந்து வந்தார். "அண்ணன் பிள்ளைகளிடம் நான் என்ன கேட்கப் போகிறேன்" என்று உடனே கையெழுத்திடத் தயாரானவரை ஆவண எழுத்தர் உட்காரவைத்து, அவருக்குரிய பங்கு எவ்வளவு, அதன் மதிப்பு என்ன, வேண்டுமானால் நிலமாகவோ பணமாகவோ கேட்கலாம் என்பதை எங்கள் முன்னிலையிலேயே நிதானமாக விளக்கி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை வரிவரியாகப் படித்துக் காட்டிய பிறகே பேனாவைக் கொடுத்தார். எங்களிடம் கட்டணம் வாங்குபவர் எங்களுக்கு எதிராகவும் பேசக்கூடிய ஒன்றை மறைக்காமல் சொன்னதால்தான் இந்த அலுவலகத்தை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

அதிகக் காலம் பிடித்தது பாட்டியின் இறப்புச் சான்றிதழ். ஊரில் அப்போது யாரும் பதியவில்லை. ஓராண்டுக்கு மேல் தாமதமான பதிவு என்பதால் கோட்டாட்சியரின் ஆணை வேண்டியிருந்தது. விண்ணப்பத்தை எழுதித் தந்து, எந்தெந்தச் சான்றுகளை இணைக்க வேண்டும் என்று சொன்னவரும் ஆவண எழுத்தரே. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். தந்தைக்கு, பாட்டிக்கு, அம்மாவுக்கு என மூன்று விண்ணப்பங்கள். மூலப் பத்திரத்தில் தர்மபுரி மாவட்டம் என்றும், அதற்கு முந்தைய 1961-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்றும் இருந்ததைக் கண்டு அண்ணன் பதறினார். 1965-இல் தர்மபுரியும் 2004-இல் கிருஷ்ணகிரியும் தனி மாவட்டங்களானதைச் சொத்து விவரத்தில் ஒரே வாக்கியத்தில் குறித்து ஆவண எழுத்தர் அதை முடித்துவிட்டார்.

குடும்ப உறுப்பினர்களுக்கிடையிலான பாகப்பிரிவினைக்கு, 2023 ஜூலை முதல் ஒரு பாகத்துக்கு முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். அரசுக்குச் செலுத்துவதைத் தனியாகவும் தம் எழுத்துக் கூலியைத் தனியாகவும் சொன்னார். ஆனால் கூலியை எழுதித் தரவில்லை, கேட்டபோதும் வாய்மொழியாகவே சொன்னார். அது எனக்கு உவப்பாக இல்லை. அலுவலகத்தில் முதியவர்கள் உட்கார இரண்டு நாற்காலிகளே உள்ளன. முகூர்த்த நாள்களில் போனால் அரை நாள் நிற்க வேண்டியிருக்கும்.

பெரிய குறை கிணறு பற்றியது. முதல் வரைவில் நிலம் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்ததே தவிர, அண்ணன் பாகத்துக்குள் இருந்த கிணற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தங்கைதான் அதைக் கவனித்தார். கிணற்றிலும் மோட்டாரிலும் மூவருக்கும் சம பங்கு, வாரத்தில் யாருக்கு எந்த நாள் முறை, வாய்க்காலும் வண்டிப்பாதையும் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அவர் கேட்ட பிறகே பத்திரத்தில் ஏறின. உட்பிரிவு அளந்து தனிப் பட்டா வந்துவிட்டது. தந்தை பெயரிலேயே இருக்கும் விவசாய மின் இணைப்பை மாற்றும் விண்ணப்பம் இந்த வாரம் மின்வாரியத்துக்குப் போகிறது.