கடலோர வீட்டுச் சமையலறைக்கு எந்த விளக்கு? டியூப்பா, பேனலா, ஸ்பாட்டா?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் ஹாலுக்கு விளக்கு வாங்கக் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். சமையலறை என்று வந்ததும் எலக்ட்ரீஷியன் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். அவரும் கூரைக்கு நடுவில் ஒரு பாயின்ட் விட்டுவிட்டுப் போய்விடுவார். கத்தியும் கொதிக்கிற எண்ணெயும் புழங்குகிற அறை அது. அதனால் இங்கே அழகையும் விலையையும் பின்னுக்குத் தள்ளி, மேடைமேல் விழுகிற வெளிச்சத்தை வைத்தே ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.

கடையில் காட்டுவது பெரும்பாலும் நான்கு வகை: நாலடி எல்.இ.டி. டியூப், கூரையில் ஒட்டினாற்போல மாட்டும் சதுர அல்லது வட்ட பேனல், ஃபால்ஸ் சீலிங்கில் பதிக்கும் ஸ்பாட், தொங்கும் விளக்கு.

முதலில் எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று பார்த்துவிடலாம். 8-க்கு 10 அடி சமையலறை ஏறத்தாழ 7.5 சதுர மீட்டர். விளக்கு தருகிற மொத்த வெளிச்சம் லுமென்; அதில் ஒரு சதுர மீட்டர்மேல் விழுவது லக்ஸ். அறைக்குப் பொதுவாக 300 லக்ஸ், காய் நறுக்கும் இடத்தில் 500 லக்ஸ் இருந்தால் கண் சிரமப்படாது. சுவரும் கப்போர்டும் விழுங்குவது போக இதற்கு 4000 லுமென் அளவுக்கு விளக்கு வேண்டும். நல்ல 20 வாட் டியூப் ஒன்று 2000 லுமென் தரும். ஆக இரண்டு டியூப் போதும். பேனலிலும் 20 வாட்டுக்கு ஏறக்குறைய அதே லுமென்தான் வரும். பெட்டியில் வாட்டைப் பார்க்காமல் லுமெனைப் பாருங்கள்.

லுமென் ஒன்றாக இருந்தும் டியூப்புக்கும் பேனலுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? எல்லாம் நிழல்தான். கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரில்) அத்தை வீட்டுச் சமையலறையில் கூரை நடுவே பளிச்சென்று ஒரு பேனல் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் அறை முழுக்க வெளிச்சமாகத்தான் தெரியும். ஆனால் சிங்க்கைப் பார்த்து நின்று சங்கரா மீனுக்குச் செதில் எடுக்கும்போது விளக்கு அவருக்கு முதுகுப் பக்கம் போய்விடுகிறது. தலையும் தோளும் சேர்ந்து மீன்மேலேயே இருட்டடிக்கும். முதுகுத் துடுப்புக்கு ஓரமாக ஒட்டியிருக்கிற சின்னச் செதில் கண்ணுக்குத் தட்டுப்படாமல், விரலால் தடவித் தடவித்தான் எடுப்பார். “வெளிச்சத்துக்கு ஒண்ணும் குறையில்லடா, வேண்டிய எடத்துல விழ மாட்டேங்குது” என்பார். இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

டியூப்பை மேடைக்கு இணையாக, சுவரிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடி தள்ளிக் கூரையில் மாட்டினால் இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்துவிடும். விளக்கு தலைக்கு நேராகவோ சற்று முன்னாலோ வந்துவிடுகிறது. நாலடி நீளத்திலிருந்து வெளிச்சம் வருவதால் தலை ஒரு பக்கத்தை மறைத்தாலும் மறுபக்கத்து வெளிச்சம் வந்து நிழலைக் கரைத்துவிடும். பேனல்தான் வேண்டும் என்றால் நடுவில் பெரியதாக ஒன்று போடாமல், இதே கோட்டில் 12 அல்லது 15 வாட்டில் இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். நன்றாகவே இருக்கும். ஆனால் அத்தனை பாயின்ட்டுக்கும் கான்கிரீட் போடும் முன்பே பைப் ஓட்டியிருக்க வேண்டும். கட்டி முடித்த வீட்டில் டியூப்தான் சுலபம்.

கடல் காற்றும் கணக்கில் உண்டு. உப்பு கலந்த ஈரமும் தாளிப்புப் புகையும் சேர்ந்தால் இரும்புத் தகடு வைத்த விளக்கு சீக்கிரமே துருப்பிடிக்கும். பிளாஸ்டிக்கோ அலுமினியமோ உடம்பாக உள்ள டியூப் தாங்கும். ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் பிசுக்கும் போய்விடும். பேனலில் மழைக்காலத்து ஈசலும் சின்னப் பூச்சிகளும் உள்ளே போய்ச் செத்து, வெள்ளைத் தகட்டுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். பல பேனல்களைப் பிரித்துத் துடைக்கவும் முடியாது.

ஸ்பாட் விஷயத்தில் என் கருத்து கறாரானது: நம் பக்கத்துச் சமையலறைக்கு அது வேண்டாம். அதற்காக ஃபால்ஸ் சீலிங் போட்டாக வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இப்படிப்பட்ட மழையில் எந்த மாடிக்கும் எங்காவது ஓதம் இறங்கலாம். ஜிப்சம் சீலிங் ஊறி உப்பிவிடும். பி.வி.சி. சீலிங் ஊறாது, ஆனால் கசிவு நமக்குத் தெரியாமலே மேலே தண்ணீர் தேங்கும், வயரும் அங்கேதான் இருக்கிறது. எலி, பல்லி கதை தனி. இத்தனைக்கும் ஸ்பாட் குறுகலான வட்டமாகத்தான் அடிக்கும். ஒரு வட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மேடை மங்கிக் கிடக்கும்.

தொங்கும் விளக்கு சாப்பாட்டு மேசைக்கு அழகு. அடுப்புக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியே பாழாகும்.

அப்புறம் நிறம். 6500 கெல்வின் வெள்ளை பளீரென்று இருக்கும், 3000 கெல்வின் மஞ்சளாக, நிதானமாக இருக்கும். சமையலுக்கு நடுவாந்தரமான 4000 நல்லது. அதைவிட முக்கியம் சி.ஆர்.ஐ., அதாவது பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூறுக்கு இவ்வளவு என்று போடும் எண். வெள்ளை எல்.இ.டி. என்பது பெரும்பாலும் நீல ஒளி தரும் சில்லின்மேல் மஞ்சள் பூச்சுப் பூசியதுதான். மட்டமான சரக்கில் சிவப்புப் பங்கு குறைந்துபோகும். அந்த வெளிச்சத்தில் புது வஞ்சிரத்தின் செவுள்கூடப் பழுப்படித்துத் தெரியும், மிளகாய்த்தூள் தீய்ந்ததா வறுபட்டதா என்பது பிடிபடாது. சி.ஆர்.ஐ. 80-க்குக் கீழே வாங்கவே வேண்டாம். 90 கிடைத்தால் கொஞ்சம் காசு கூடப் போனாலும் சமையலறைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

மின்சாரச் செலவில் பெரிய சண்டை இல்லை. 20 வாட் டியூப் தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 3 யூனிட், இரண்டுக்கு 6. 12 வாட் ஸ்பாட் ஆறு எரித்தால் 11 யூனிட் ஆகும். பழைய சோக் வைத்த 40 வாட் டியூப் இன்னும் ஓடுகிறது என்றால், சோக்கோடு சேர்த்து 50 வாட் வரை இழுக்கும். அதை முதலில் மாற்றுங்கள். இரண்டு டியூப்புக்கும் தனித்தனி சுவிட்ச் வைத்து, ஒன்றை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிடுங்கள். தானே புயல் சமயத்தில் நாள்கணக்கில் கரன்ட் இல்லாமல் கிடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மேடைக்கு மேலே கப்போர்டு அடித்திருந்தால் எந்தக் கூரை விளக்கும் அதன் அடிப்பக்கத்துக்கு எட்டாது. அங்கே கப்போர்டுக்குக் கீழே மெல்லிய எல்.இ.டி. பட்டை ஒன்று ஒட்ட வேண்டும். அதற்கான பிளக் பாயின்ட்டை மறக்காமல் இப்போதே விட்டுவிடுங்கள்.

புதுச்சேரியில் உத்தரமும் கட்டையும் வைத்த மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கு மட்டும் கணக்கு மாறும். கூரை 12, 13 அடியில் இருக்கும்போது டியூப்பை மேலே மாட்டினால் மேடைக்கு வந்து சேருவது கொஞ்சம்தான். அங்கே கூரையை விட்டுவிட்டு, மேடைக்கு எதிர்ச் சுவரில் அல்லாமல் மேடையை ஒட்டிய சுவரிலேயே ஏழடி உயரத்தில் டியூப்பை மாட்டுங்கள். அந்தச் சுவரில் புகைபோக்கி இருந்தால், உத்தரத்திலிருந்து சங்கிலியில் எட்டடி உயரத்துக்கு டியூப்பை இறக்கிவிடலாம்.