நடுக்கத்துக்கு நேரம் ஒதுக்கும் ஒரு கால்நடை மருத்துவமனை

தருமபுரி நான்கு ரோட்டிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் உள்ள சிறிய தனியார் கால்நடை மருத்துவமனை ஒன்றுக்கு, காதில் சீழ் பிடித்திருந்த எங்கள் நாட்டு நாய் மணியை இரண்டு மாதங்களில் மூன்று முறை அழைத்துச் சென்றோம். காது ஆறிவிட்டது. ஆனால் எழுதத் தூண்டியது அந்த வைத்தியமன்று, பயந்துபோன உயிர்களை அங்கே நடத்துகிற விதம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் உடன் வந்த எங்கள் நான்கு வயது மகள், தெருநாய் ஒன்று துரத்திய நாளிலிருந்து மணியைத் தவிர வேறெந்த நாயைக் கண்டாலும் உடல் விறைத்து நின்றுவிடுபவள்.

இதற்கு முன் வேறோர் இடத்தில் மணியின் வாயைக் கயிற்றால் கட்டி, நான்கு பேர் அமுக்கிப் பிடித்து ஊசி போட்டு, 'அடங்காத நாய்' என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து மருந்து வாடை பட்டாலே மணி சிறுநீர் கழித்துவிடும். இங்குள்ள மருத்துவர் முதல் பத்து நிமிடங்கள் அதைத் தொடவே இல்லை. வாலை இடுக்கினால் பயம் என்பது எல்லோருக்கும் தெரியும்; ஆனால் உணவே எதிரில் இல்லாதபோது மூக்கை நக்கிக்கொள்வதும், தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பதும் அதே பயத்தின் முந்தைய படிகள் என்று அவர் மணியைக் காட்டியே விளக்கினார். உறுமும் நாயை அடிக்கக் கூடாது என்பதற்கு அவர் சொன்ன காரணம் என்னை உலுக்கியது: உறுமல் என்பது கடிப்பதற்கு முன் தரும் எச்சரிக்கை, அதை அடித்து அடக்கினால் எச்சரிக்கை மட்டுமே போகும், பயம் போகாது, பிறகு அந்த நாய் சத்தமில்லாமல் கடிக்கும். காலபைரவரின் வாகனமென்று அதியமான்கோட்டைக் கோயிலில் கைகூப்பிவிட்டு, வெளியே வந்ததும் கல்லெடுக்கிற நமக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டியிருக்கிறது.

வழுக்கும் எஃகு மேசையில் ஏற்றாமல், தரையில் சாக்கு விரித்து, மேலே குனியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, வேகவைத்த ஈரல் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டேதான் காதைப் பார்த்தார்.

மகளிடம் உதவியாளர் பெண்மணி நடந்துகொண்ட விதம் அதைவிடச் சிறப்பு. "ஒன்றும் செய்யாது, தொட்டுப் பார் பாப்பா" என்று, நாம் எல்லோரும் சொல்வதை, அவர் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும் என்று விட்டு, கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தார். உளவியலில் இது புதிதன்று. முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் விருப்பமான தின்பண்டத்தை உண்ணும்போது முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து அந்த அச்சத்தை நீக்கியதை அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924-இலேயே எழுதியிருக்கிறார். பிறகு அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பி, "உங்கள் பிடியைத் தளர்த்துங்கள் அம்மா, பாப்பா உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள்" என்றார். நான் அவள் மணிக்கட்டை இறுக்கியிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஒரு வயதுக் குழந்தைகள்கூட, பள்ளம் போலத் தெரியும் கண்ணாடித் தளத்தின் விளிம்பில் தயங்கி நின்று தாயின் முகத்தைப் பார்க்கின்றன. தாய் சிரித்தால் பெரும்பாலானவை கடக்கின்றன, அஞ்சிய முகம் காட்டினால் கடப்பதில்லை என்பது 1985-இல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு. சோறு ஊட்டும்போது "நாயிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று மிரட்டியவளும் நான்தான் என்பதை அங்கே சொல்ல வெட்கமாக இருந்தது.

குறைகளும் உண்டு. காத்திருக்கும் இடம் ஐந்து பேர் உட்காரும் ஒற்றை பெஞ்சு. நாய்க்கும் பூனைக்கும் தனியிடம் இல்லை, கூண்டிலிருக்கும் பூனையின் மேல் ஒரு துணி போர்த்தினாலே அது பாதி அடங்கும், அதையும் யாரும் செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை சென்ற இரண்டாம் முறை ஒன்றரை மணி நேரம் காத்திருந்ததில், முதல் நாள் கிடைத்த தைரியமெல்லாம் மணிக்குக் கரைந்துபோனது. வாரநாளில் காலையிலேயே செல்வது நல்லது. 'பயம் போக்கும் சொட்டு மருந்து' என்று ஒரு குப்பியை வாசலருகே விற்கிறார்கள். அது எப்படி வேலை செய்யும் என்று கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை, நான் வாங்கவில்லை. முதல் முறைக்கு 350 ரூபாய், காதைச் சுத்தம் செய்யத் தனிக் கட்டணம்; எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்தால் அதிகமென்று சொல்ல மாட்டேன்.

மூன்றாம் முறையும் மணி வாசற்படியில் நின்றது. ஆனால் வாலை இடுக்கவில்லை. மகள், பெஞ்சுக்கடியில் படுத்திருந்த யாருடையதோ ஒரு லாப்ரடாரை நான்கடி தள்ளி நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தொடவில்லை, தொடச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் இல்லை.