யூபிகீயோட சில வருஷம்: வாயால சொல்ல முடியாத ஒரு சாவி

2021 கடைசில ரெண்டு யூபிகீ வாங்கினேன், யூபிகோங்கற கம்பெனி பண்ற சின்ன பென்டிரைவ் மாதிரி சாவி, லாகின் பண்ணும்போது ஓடிபிக்கு பதிலா இத செருகித் தொடணும். ஒண்ணு டைப்-சி, இன்னொண்ணு பழைய பெரிய யூஎஸ்பி முனை, ரெண்டுலயும் என்எஃப்சி (போன் பின்னாடி வச்சாலே வேலை செய்யற வசதி) உண்டு. அப்போலேர்ந்து தினமும் யூஸ்ல இருக்கு. நான் ஃப்ரீலான்ஸா வெப்சைட் பண்ணிக் குடுக்கறேன், ஈரோடு, திருப்பூர் பக்கம் சின்னச் சின்ன கடைங்க, கார்மென்ட்ஸ் யூனிட்டுங்க, அவங்க டொமைன் (சைட்டோட அட்ரஸ்), ஹோஸ்டிங், மெயில் எல்லாமே என்னோட ஒரு மெயில் ஐடில மாட்டியிருக்கு, அது போச்சுன்னா என்னோட போகாது, நம்பி குடுத்தவங்க பொழப்பும் சேர்ந்து போகும். அதான் காசு போனா பரவால்லன்னு வாங்கினேன். டப்பா பிரிச்சுக் காட்டற ரிவ்யூ நிறைய இருக்கு. வருஷக்கணக்கா வச்சிருந்தா என்ன ஆகுது, வீட்ல வயசானவங்களுக்கு செட் ஆகுதா, நம்மூர் பேங்குக்கு உதவுதா, இதத்தான் நான் சொல்லணும்னு நினைக்கறேன்.

ஓடிபியோட பிரச்சனையே அது ஆறு நம்பர்ங்கறதுதான். நம்பர்னா படிக்கலாம், படிச்சா சொல்லலாம், சொல்ல வைக்கலாம். கேஒய்சி அப்டேட்டுன்னு ஒருத்தன் கூப்பிடுவான், அக்கவுண்ட் பிளாக் ஆயிடும்னு பதற வைப்பான், இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும் சொல்லுங்கம்பான், பெரிய பதவில இருந்து ரிட்டயர் ஆனவங்க கூட சொல்லியிருக்காங்க. அவங்கள முட்டாள்னு பேசறது எனக்கு சுத்தமா பிடிக்காது, அந்த ரெண்டு நிமிஷ பதட்டத்துல யாரா இருந்தாலும் சொல்லிடுவாங்க. சொல்லாமலே எடுக்கற வழியும் இருக்கு. கல்யாணப் பத்திரிகைன்னு வாட்ஸ்அப்ல ஒரு ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு போன்ல ஆப் போடற ஃபைல்) வரும், இல்ல ஆர்டிஓ சலான்னு வரும், அத இன்ஸ்டால் பண்ணி எஸ்எம்எஸ் பர்மிஷன் குடுத்துட்டா வர்ற ஓடிபி எல்லாம் அங்க ஃபார்வர்டு ஆகிட்டே இருக்கும். *401* போட்டு ஒரு நம்பர டயல் பண்ண வச்சு நம்ம கால திருப்பி விட்டு வாய்ஸ் ஓடிபிய பிடிச்சதும் நடந்துச்சு, அதனாலதான் தொலைத்தொடர்புத் துறை அந்த மாதிரி டயல் பண்ணி கால் ஃபார்வர்டு போடற வசதியயே 2024 ஏப்ரல் 15-லேர்ந்து நிறுத்தச் சொன்னாங்க. அப்புறம் சிம் ஸ்வாப், அதாவது நம்ம நம்பருக்கு வேற ஒருத்தன் புது சிம் வாங்கிடறது. 2019 ஆகஸ்ட்ல ட்விட்டர் சிஇஓவா இருந்த ஜாக் டார்ஸியோட சொந்த ட்விட்டர் கணக்குலயே வேற யாரோ ட்வீட் போட்டாங்க, அவரோட போன் நம்பர கைப்பத்திதான் அத பண்ணாங்க. நம்மூர்ல இப்ப கொஞ்சம் இறுக்கியிருக்காங்க, சிம் மாத்தினா முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது, 2024 ஜூலை 1-லேர்ந்து சிம் மாத்தின 7 நாளைக்கு நம்பர போர்ட்டும் பண்ண முடியாது. நல்ல விஷயம்தான், ஆனா நம்பர் நம்பராத்தானே இருக்கு.

ஆத்தென்டிகேட்டர் ஆப் இதவிட மேல, சந்தேகமே இல்ல. 30 செகண்டுக்கு ஒருக்கா மாறற நம்பர், போன்லயே உருவாகுது, டெலிகாம் கம்பெனி நடுவுல வர்றதில்ல. கீ வாங்க முடியாதவங்க இத மட்டுமாவது இன்னிக்கே போடுங்க. ஆனா இதுவும் படிச்சு டைப் பண்ற நம்பர்தான், போலி சைட்ல டைப் பண்ணினா அந்த 30 செகண்டுக்குள்ள அவன் நிஜ சைட்ல போட்டு உள்ள போயிடுவான், இதுக்குன்னே ரெடிமேடா டூல்ஸ் இருக்கு.

கீ இங்கதான் மொத்தமா வேற. ஒரு சைட்ல கீய ரிஜிஸ்டர் பண்ணும்போது கீ உள்ளயே ஒரு ஜோடி டிஜிட்டல் சாவி உருவாகுது, பப்ளிக் பாதி சைட்டுக்குப் போகுது, பிரைவேட் பாதி கீய விட்டு வெளிய வர்றதே இல்ல. லாகின் பண்ணும்போது சைட் ஒரு கேள்வி அனுப்பும், கீ கையெழுத்து போட்டு அனுப்பும். அந்தக் கையெழுத்து அந்த டொமைனுக்கு மட்டும்தான் செல்லும், நாம எந்த டொமைன்ல நிக்கறோம்னு கீக்கு சொல்றது பிரவுசர், நாம இல்ல. அட்ரஸ்ல ஒரு எழுத்து மாறின போலி சைட்டுன்னா என் கண்ணு ஏமாறலாம், கீ ஏமாறாது, அதுக்கு அந்த டொமைனே தெரியாது. போன்ல எவன் எவ்ளோ நைசா பேசினாலும் அவனுக்கு சொல்றதுக்கு எங்கிட்ட நம்பரே கிடையாது. எனக்கு இந்த ஒரு விஷயம் போதும், மத்த வசதியெல்லாம் அப்புறம்தான்.

இது வெறும் தியரி இல்லன்னு 2022-ல தெரிஞ்சுது. அமெரிக்காவுல ட்விலியோ (மத்த ஆப்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பிக் குடுக்கற கம்பெனி), கிளவுட்ஃபிளேர் (வெப்சைட்டுகளுக்கு பாதுகாப்பு குடுக்கற கம்பெனி) ரெண்டு கம்பெனி ஆளுங்களுக்கும் ஒரே மாதிரி போலி லாகின் எஸ்எம்எஸ் போச்சு. ட்விலியோ ஆளுங்க சிலபேர் ஏமாந்ததுல கஸ்டமர் டேட்டா வரைக்கும் போயிட்டாங்க, அந்த வழியா சிக்னல் ஆப் யூஸ் பண்ற கிட்டத்தட்ட 1900 பேரோட நம்பர் வெளிய தெரிஞ்சிருக்கலாம்னு சிக்னலே சொல்ல வேண்டியதாச்சு. கிளவுட்ஃபிளேர்லயும் மூணு பேர் பாஸ்வேர்ட போலி சைட்ல போட்டுட்டாங்க. ஆனா அங்க எல்லாருக்கும் ஹார்டுவேர் கீ கட்டாயம், அதனால பாஸ்வேர்ட் கிடைச்சும் உள்ள வர முடியல. கூகுள்லயும் 85,000-க்கு மேல இருக்கற ஊழியர்களுக்கு 2017-ல கீ கட்டாயமாக்கினாங்க, அதுக்கப்புறம் ஒரு ஊழியர் கணக்கு கூட ஃபிஷிங்ல, அதாவது இந்த மாதிரி போலி சைட் ஏமாத்துல போகலன்னு 2018-ல சொன்னாங்க. அங்க இருக்கறவங்களும் நம்மள மாதிரி ஏமாறக்கூடிய மனுஷங்கதான், கையில இருந்த பொருள்தான் வேற.

தினசரி யூஸ் பத்தி சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல, அதுவே நல்ல விஷயம். பைக் சாவிக் கொத்துல ஒரு கீ தொங்குது, மழை, வெயில், மேல பூரா கீறல், இன்னும் முதல் நாள் மாதிரியே வேலை செய்யுது. பேட்டரி கிடையாது, சார்ஜ் கிடையாது, செருகி தங்க வட்டத்த தொட்டா முடிஞ்சுது. ஒரு தடவ நம்ம லேப்டாப்ப நம்பகமானதுன்னு வச்சுட்டா தினமும் கேக்கறதும் இல்ல, புது சிஸ்டம்ல போனாத்தான் கேக்கும். சர்வருக்கு எஸ்எஸ்எச் சாவியும் (தூரத்துல இருந்து சர்வருக்குள்ள போற வழி) இதுலயே வச்சிருக்கேன், அதுக்கான ஓபன்எஸ்எஸ்எச் சாஃப்ட்வேர்ல 8.2-லேர்ந்து இதுக்கு சப்போர்ட் இருக்கு, கீய தொடாம சர்வருக்குள்ள யாரும் போக முடியாதுங்கறது ராத்திரி தூக்கத்துக்கு ரொம்ப நல்லது. போன்ல என்எஃப்சிதான் கொஞ்சம் பொறுமை கேக்குது, ஒவ்வொரு போனுக்கும் ஆன்டெனா ஒவ்வொரு இடத்துல இருக்கும், தடிமனான கேஸ் போட்டிருந்தா கழட்டித்தான் வைக்கணும். டைப்-சி இருந்தா நேரா செருகிடுங்க, அதுதான் சுலபம்.

அம்மா மெயிலுக்கும் கீ போட்டுக் குடுத்தேன், அந்த விஷயம்தான் நான் எதிர்பார்க்காதது. அவங்க ஸ்கூல் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, மெயில்ல பென்ஷன் பேப்பர், பேரன் போட்டோ, எல்லாம் இருக்கு. வயசானவங்களுக்கு கீயெல்லாம் கஷ்டம்னுதான் எல்லாரும் சொல்வாங்க. நேர்மாறா இருந்துச்சு. எஸ்எம்எஸ் திறந்து நம்பர மனசுல வச்சுகிட்டு திரும்ப அந்த ஸ்கிரீனுக்கு வந்து டைப் பண்றதுதான் அவங்களுக்குக் கஷ்டம், சாவிய செருகித் தொடறது கஷ்டமே இல்ல, வாழ்க்கை பூரா சாவியோடதான இருந்திருக்காங்க. ஒரு நாள் எவனோ கூப்பிட்டு உங்க மெயில் முடங்கப் போகுதும்மா, ஒரு நம்பர் வரும் சொல்லுங்கன்னு கேட்டிருக்கான். அம்மா ரொம்ப மரியாதையா, "எனக்கு நம்பரெல்லாம் வராதுங்க, என் பையன் சாவி குடுத்திருக்கான், அது பீரோல இருக்குதுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. கட் பண்ணிட்டான். சாயங்காலம் எங்கிட்ட, "ஏன் கண்ணு, நான் சரியாத்தான சொன்னேன்"னு கேட்டாங்க. அதுக்கு மேல எப்படிம்மா சரியா சொல்றது.

இப்ப அவங்க போன்ல பாஸ்கீயும் போட்டிருக்கேன். பாஸ்கீங்கறது இதே டெக்னாலஜிதான், தனி சாவிக்கு பதிலா போனே சாவியா இருக்கும், விரல் ரேகையோ ஸ்கிரீன் லாக்கோ போட்டா உள்ள போயிடலாம். ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூணும் சேர்ந்து 2022 மே மாசம் அறிவிச்சாங்க, கூகுள் கணக்குகளுக்கு 2023 மே-ல வந்துச்சு. காசு செலவில்ல. முக்காவாசி பேருக்கு இதுவே போதும்னுதான் நான் இப்ப சொல்லுவேன். பாத்திரம் தேய்ச்ச கைக்கு, வயசாகி ரேகை தேய்ஞ்ச கைக்கு சென்சார் பிடிக்கறதில்ல, அதனால அம்மாவுக்கு பின் நம்பர் பழக்கிட்டேன். அந்த ஸ்கிரீன் லாக் பின்ன ஒரு டைரில எழுதி வைங்க, ஏன்னா புது போன் வாங்கி பாஸ்கீய திரும்ப எடுக்கும்போது பழைய போனோட லாக்கத்தான் கேக்கும்.

இனிமே சொல்றதுதான் நிறைய பேர் விட்டுடற இடம். கீ வாங்கி மாட்டியாச்சு, ஆனா அதே கணக்குல "வேற வழியில் உள்நுழை"ங்கறதுக்குக் கீழ எஸ்எம்எஸ் அப்படியே இருக்கும். வாசல்ல திண்டுக்கல் பூட்டு போட்டுட்டு கொல்லைப்புறத்த திறந்து வச்ச மாதிரி. திருடன் கீய ஏன் உடைக்கணும், பாஸ்வேர்ட் மறந்துடுச்சுன்னு ஒரு லிங்க அழுத்தி நம்பர் வழியா வருவான். அதனால கீ சேர்த்ததும் அடுத்த வேலை, டூ-ஸ்டெப்ல (பாஸ்வேர்டுக்கு அப்புறம் கேக்கற ரெண்டாவது சரிபார்ப்பு) எஸ்எம்எஸ்ஸ எடுக்கணும், ரெக்கவரி போன் நம்பரயும் யோசிச்சு எடுக்கணும், ரெக்கவரி மெயில் இருந்தா அதுக்கும் இதே பாதுகாப்பு போடணும். நம்மூர்ல இதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, ரீசார்ஜ் பண்ணாம விட்ட நம்பர் கட் ஆகி 90 நாள் போனா வேற ஒருத்தருக்கு போயிடலாம், பழைய நம்பர் எங்கெங்க ரெக்கவரியா கிடக்குதுன்னு நமக்கே ஞாபகம் இருக்காது.

ஆனா நம்பர எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டாவது கீ கையில இருக்கணும், இதுல சமரசமே வேண்டாம். ஒரே ஒரு கீயோட எல்லாத்தயும் மூடிட்டு அது தொலைஞ்சா திருடனுக்கு மட்டுமில்ல, நமக்கும் கதவு மூடிடும். ஆப்பிள் இதுல கறார், ஐஓஎஸ் 16.3-ல கீ வசதி குடுத்தப்பவே ரெண்டு கீ இருந்தாத்தான் சேர்க்க விடுவேன்னு வச்சுட்டாங்க, எனக்கு அது ரொம்ப சரின்னு படுது. என்னோட ரெண்டாவது கீ வீட்டுப் பத்திரத்தோட பீரோ லாக்கர்ல இருக்கு, கீ இல்லாதப்ப உள்ள போக கூகுள் குடுக்கற பேக்கப் கோடு பத்தும் பிரிண்ட் எடுத்து அதே கவர்ல. புதுசா ஒரு சைட்ல கணக்கு ஆரம்பிச்சா ரெண்டு கீயயும் சேர்க்கணும், ஒண்ண காப்பி எடுத்து இன்னொண்ணுல போட முடியாது. சலிப்பான வேலைதான், லிஸ்ட் ஒண்ணு வச்சுகிட்டு மாசக் கடைசில ஒரேயடியா உட்கார்ந்து பண்றேன். கீக்கு ஒரு பின் வைக்கலாம், தொடர்ந்து எட்டு தடவ தப்பா போட்டா அந்தப் பகுதி பூட்டிக்கும், ரீசெட் பண்ணித்தான் ஆகணும், உள்ள இருக்கறது எல்லாம் போயிடும், வீட்ல குழந்தைங்க இருந்தா ஞாபகம் வச்சுக்கோங்க.

பேங்க் விஷயத்துல மனசு ஆறல. எங்க வீட்ல இருக்கற எந்த பேங்க் கணக்கும் இந்த கீய ஏத்துக்கல. பணம் இருக்கற இடத்துலதான் இன்னும் அந்த ஆறு நம்பர். தங்கச்சி சிங்கப்பூர்ல இருக்கா, அங்க டிஜிட்டல் டோக்கன் (போன்லயே இருந்து லாகின உறுதி பண்ற பேங்க் வசதி) போட்ட பேங்க் கஸ்டமர்களுக்கு லாகின் ஓடிபிய படிப்படியா நிறுத்தறோம்னு 2024 ஜூலைலயே அறிவிச்சுட்டாங்க. இங்க ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பர்ல புது விதி போட்டிருக்காங்க, 2026 ஏப்ரல் 1-லேர்ந்து நடைமுறைன்னு தேதி, எஸ்எம்எஸ் ஓடிபிய மட்டும் நம்பி இருக்காம வேற வழிகளுக்கும் இடம் குடுக்குது, பேங்குங்க அத எப்படி பயன்படுத்தப் போறாங்கங்கறதுதான் விஷயம். அதுவரைக்கும் பேங்குக்குன்னு தனியா ஒரு நம்பர், அத யாருக்கும் குடுக்காம ஒரு சாதாரண பட்டன் போன்ல வச்சிருக்கேன், அதுல ஏபிகே இன்ஸ்டால் ஆகவே ஆகாது. ஏதாவது நடந்துட்டா உடனே 1930-க்கு (சைபர் மோசடி புகார் நம்பர்) கூப்பிடுங்க, பணம் கை மாறறதுக்குள்ள நிறுத்த வாய்ப்பு இருக்கு.

கீயால முடியாததும் ஒண்ணு இருக்கு. லாகின் ஆனதுக்கு அப்புறம் பிரவுசர்ல இருக்கற செஷன் குக்கிய (நாம ஏற்கனவே உள்ள வந்துட்டோம்னு சைட்டுக்கு காட்டற அடையாளம்) மால்வேர், அதாவது திருட்டு புரோகிராம் திருடினா கீ ஒண்ணும் பண்ண முடியாது. 2023 மார்ச்ல லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனல் அப்படித்தான் போச்சு, ஸ்பான்சர்ஷிப் மெயில்னு வந்த ஒரு ஃபைல திறந்தாங்க, பாஸ்வேர்டும் தேவைப்படல, டூ-ஸ்டெப்பும் குறுக்க வரல. கிராக் பண்ணின சாஃப்ட்வேர் போடற பழக்கம் இருந்தா கீ வாங்கற காசு வீண்.

இன்னொண்ணு, 2024 செப்டம்பர்ல பிரான்ஸோட நிஞ்சாலேப்ங்கற பாதுகாப்பு ஆராய்ச்சி கம்பெனி ஆளுங்க ஒரு ஓட்டைய வெளியிட்டாங்க, யூக்ளீக்னு பேரு. கீ உள்ள இருக்கற இன்ஃபினியன் சிப்போட லைப்ரரில பிரச்சனை, 5.7-க்கு முந்தின ஃபர்ம்வேர் (கீ உள்ளயே பதிஞ்சிருக்கற சாஃப்ட்வேர்) இருக்கற யூபிகீ 5 எல்லாம் இதுல வரும், என்னோடதும் வரும். யூபிகீல ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணவே முடியாது, வேணும்னேதான் அப்டி டிசைன் பண்ணியிருக்காங்க. ரொம்ப யோசிச்சு நான் மாத்தல. அத பண்ண கீய நேர்ல எடுக்கணும், ஓட்ட பிரிக்கணும், மின்காந்த அலைய அளக்கற விலையுயர்ந்த கருவி வேணும், கணக்கு விவரமும் தெரியணும். ஈரோட்டுல வெப்சைட் பண்றவனுக்கு அவ்ளோ தூரம் யாரும் மெனக்கெட மாட்டாங்க. பெரிய அரசியல் செய்தி எடுக்கற பத்திரிகையாளரா இருந்தா நான் மாத்தச் சொல்லுவேன்.

புதுசா வாங்கறவங்க 5.7 ஃபர்ம்வேர் வந்த கீதானான்னு விக்கறவங்ககிட்ட கேட்டுட்டு வாங்குங்க, பாஸ்கீ 100 வரைக்கும் பிடிக்கும், என்னோட பழசுல 25 தான். எஸ்எஸ்எச், ஜிபிஜி (மெயில், ஃபைல பூட்டி கையெழுத்து போடற வசதி) எல்லாம் வேண்டாம், மெயிலும் சோஷியல் மீடியாவும் போதும்னா யூபிகோவோட செக்யூரிட்டி கீ சீரிஸே எடுங்க, கிட்டத்தட்ட பாதி விலைல கிடைக்கும், ஒரு பெரிய கீ வாங்கற காசுல அது ரெண்டு வாங்கிடலாம், ஒரு பெரிய கீய விட ரெண்டு சின்ன கீதான் பத்திரம். கவர் பிரிஞ்சிருந்தா திருப்பிக் குடுத்துடுங்க, கையில வந்ததும் யூபிகோ சைட்ல ஒரிஜினல்தானான்னு செக் பண்ற பேஜ் இருக்கு, அதுல செருகிப் பார்த்துட்டு அப்புறமா மெயில்ல சேருங்க.