நீலகிரியில் யோகா: விடியற்காலையா, சாயங்காலமா?

யோகா என்றாலே விடியற்காலை ஐந்து மணி, வெறும் வயிறு, திறந்தவெளி என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். சமவெளிக்கு அது சரி. கோயம்புத்தூரிலோ மதுரையிலோ வெயில் ஏறுவதற்குள் செய்து முடித்தால்தான் உண்டு. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டியில், தலைகுந்தா புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் தை மாதத்தில், அதே அறிவுரையை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. குளிர்காலம் முழுக்க, முக்கியமாக நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சாயங்காலம்தான் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

விடியற்காலைக்கு இருக்கிற பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வயிறு தானாகவே காலியாக இருக்கும். ஃபோன் அடிக்காது, யாரும் கூப்பிட மாட்டார்கள். பழக்கம் விட்டுப்போகாமல் நிற்பதற்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது. மாலையில் செய்யலாம் என்று நினைப்பவர்களில் பாதிப் பேர் விருந்தாளி, மழை, அலுப்பு என்று நாள் நாளாகத் தள்ளிப்போட்டு விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் உடம்பின் கணக்கு வேறு. இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. காலையில் நாம் சற்றே உயரமாக இருப்பதற்கும், குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்வதற்கும் அதுதான் காரணம். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் பாதஹஸ்தாசனம், பச்சிமோத்தானாசனம் போல முன்னால் மடங்கும் ஆசனங்களைச் செய்தால் அந்தத் தட்டுகளுக்கு அழுத்தம் அதிகம். உடல்வெப்பமும் விடியும் முன்புதான் மிகக் குறைவாக இருக்கும். சாயங்காலம் நான்கு, ஐந்து மணிவாக்கில் அது உச்சத்துக்கு வரும், தசைகளும் நன்றாக இளகியிருக்கும். இதோடு மலைக்குளிரும் சேர்ந்தால் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது. எழுந்ததும் அழுத்தம் கூடுவது உடம்பின் இயல்பு என்பதால், அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விடியற்காலைப் பனியில் மைதானத்துக்குப் போய்த் தலையைக் கீழே தொங்கவிடவே கூடாது.

மரபுக்கு விரோதமாகப் பேசுகிறேன் என்று யாராவது சொன்னால், திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை எடுத்துப் பார்க்கச் சொல்வேன். காலையில் செய்தால் பித்தம் போகும், நண்பகலில் செய்தால் வாதம் போகும், அந்தியில் செய்தால் கபம் போகும் என்கிறார் திருமூலர். விடியற்காலை ஒன்றுதான் நேரம் என்று அவர் கதவைச் சாத்தவில்லை. சளியும் இழுப்பும் பிடித்தால் லேசில் விடாத இந்த ஊரில், அந்திப் பொழுதுக்கு அவர் கொடுத்த இடம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். பகல் முழுக்கச் சரிவில் நின்று, செடிமேல் குனிந்து, கொழுந்து மூட்டையைச் சுமந்து வருகிறவர்களுக்குக் காலையில் இன்னொரு முறை குனிய வைக்கும் பயிற்சி எதற்கு? வேலை முடிந்து வந்ததும் முதலில் பத்து நிமிடம் தரையில் படுத்து, கால்களைச் சுவரில் ஏற்றி வைத்துக்கொள்ளலாம். அப்புறம் சேதுபந்தாசனம், புஜங்காசனம் என்று முதுகைப் பின்பக்கம் திறக்கும் ஆசனங்கள் இரண்டு, மூன்று போதும். கேத்திப் பக்கம் கேரட் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் இதேதான். முழங்கால் வலி இருந்தால் வஜ்ராசனத்தையும் பத்மாசனத்தையும் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தே மூச்சுப்பயிற்சி செய்யலாம். நாற்காலி, சுவர், கயிறு எல்லாவற்றையும் ஆசனத்துக்குத் துணையாகக் கொண்டுவந்து உலகம் முழுக்கப் பரப்பியவர் பி.கே.எஸ். ஐயங்கார். ஆகவே நாற்காலியை வயதானவர்களின் சமாதானம் என்று நினைக்க வேண்டாம்.

சாயங்காலத்தின் பெரிய எதிரி நான்கு மணி டீயும், ஊட்டி பேக்கரிகளின் மொறுமொறு பண்டமான வர்க்கியும். மதியச் சாப்பாட்டுக்கும் ஆசனத்துக்கும் நடுவே மூன்று, நான்கு மணி நேரம் இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. ஒரு மணிக்குச் சாப்பிட்டால் ஐந்து மணிக்குத் தாராளமாகத் தொடங்கலாம், நடுவில் வர்க்கி நுழையாத வரை. பசி தாங்காதவர்கள் பால் சேர்க்காத டீ அரை டம்ளர் குடித்துவிட்டு அரை மணி நேரம் பொறுக்கலாம். வர்க்கி, கடைசியில் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்துக்குப் பிறகுதான்.

தோட்டத்தில் எட்டு மணி வேலை, பள்ளி, ஆபீஸ் என்று காலையைத் தவிர வேறு நேரமே இல்லாதவர்களும் உண்டு. அவர்கள் எழுந்ததும் வெந்நீர் குடித்து, வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்து, தோள், இடுப்பு, கணுக்காலைச் சுழற்றிவிட்டுத் தொடங்கட்டும். இங்கே சூரிய நமஸ்காரமா, நின்று செய்யும் ஆசனங்களா என்று இன்னொரு கேள்வி வரும். சூரிய நமஸ்காரத்தின் 12 நிலைகளும் உடம்பைச் சீக்கிரம் சூடாக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் மூன்றாவது நிலையே முழுதாகக் குனிவது. அதனால் தாடாசனம், உட்கட்டாசனம், திரிகோணாசனம் என்று நின்றபடி சூடேற்றிவிட்டு, சூரிய நமஸ்காரத்தைக் கடைசியில், முழங்காலை மடக்கிக் குனிந்து செய்வது நல்லது. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பத்திரம் தேவையில்லை. ஆயிரம் மீட்டரை ஒட்டிய கூடலூரில் குளிரும் இந்த அளவு கடிக்காது, அங்கே காலையே போதும்.

விரிப்பில் ரப்பர் மேட்டையும் ஜமக்காளத்தையும் போட்டி போடவிடத் தேவையில்லை. நிற்கும் ஆசனத்துக்கு மேட், ஏனென்றால் சிமெண்ட் தரையில் ஜமக்காளம் வழுக்கும். காலுறையும் வழுக்கும் என்பதால் நிற்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். படுக்கும் ஆசனத்துக்கு அதே மேட்டின்மேல் கம்பளியை மடித்துப் போட்டு, அதன்மேல் ஜமக்காளம். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுச் சிமெண்ட் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் சவாசனத்தில் காலுறை, குல்லாய், மேலே ஒரு போர்வை மூன்றும் வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு விரிப்பும் பூஞ்சை பிடிக்கும். வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் உடனே காயப்போட்டுவிட வேண்டும்.

மூச்சுப்பயிற்சியில்தான் மலைக்கு மலைக்கான விதி. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கீழேயிருந்து ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ வந்து இறங்கிய அன்றே கபாலபாதி, பஸ்திரிகா என்று வேகமாக ஊதி இழுத்தால் தலை சுற்றும். இரண்டு நாள், மூக்குத் துவாரங்களை மாற்றி மாற்றி மெதுவாக மூச்சுவிடும் நாடிசுத்தியோடு நிறுத்திக்கொள்ளட்டும், மூச்சை அடக்கவும் வேண்டாம். ஆஸ்துமா இருப்பவர்கள் குளிர்காற்றை வேகமாக உள்ளிழுத்தால் மூச்சுக்குழல் சுருங்கிக்கொள்ளும், அவர்களுக்கு எந்த நாளும் மெதுவான மூச்சுதான். அறையைச் சூடாக்கக் கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கதவையும் ஜன்னலையும் அடைத்து, மூச்சை ஆழமாக இழுப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. கரி நெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலை கனப்பது ஆசனத்தின் அசதி என்று நினைக்கும்போதே மயக்கம் வந்துவிடும். அடுப்பை வெளியே வைத்துவிட்டு, ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.