நின்று நின்று போகும் படப்பெட்டி: விண்டோஸா, லிப்ரெஎலெக்கா, ராஸ்பெரி பையா, ஆண்ட்ராய்டு பெட்டியா?

கல்லடியில் எங்கள் வீட்டு ஹோலில், ரீவிக்குக் கீழே, ஒரு பழைய அலுவலகக் கொம்பியூட்டர் இருக்கிறது. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். மட்டக்களப்பு டவுனில் பாவித்த சாமானாக வாங்கி, விண்டோஸ் 10இன் மேல், படம் ஓட்டும் கோடி (Kodi) என்ற மென்பொருளைப் போட்டு, அம்மா ரிமோட்டை அழுத்தினால் படம் ஓடும்படி செய்து வைத்தேன். ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. போன மாரியோடு தொடங்கியது. "மனே, பெட்டி மறுகாயும் நிண்டுட்டு" என்று கிழமைக்கு நாலைந்து தரம் அழைப்பு வரும். நான் வேலையில் இருப்பேன். அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுச் சுவரிலுள்ள சுவிட்சை நிறுத்திப் போடுவா. அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

திருத்தும் கடையில் மூன்று தரம் விண்டோஸ் அடித்துத் தந்தார்கள். ஒவ்வொரு தரமும் ஒரு கிழமை ஒழுங்காக ஓடும், பிறகு பழையபடி. மூன்றாம் தரத்துக்குப் பிறகுதான், வேறு என்ன வழி இருக்கிறது என்று உட்கார்ந்து ஒப்பிடத் தொடங்கினேன். கேட்டவர்கள் எல்லாரும் நான்கில் ஒன்றைச் சொன்னார்கள்: அதே பெட்டியில் விண்டோஸையே சுத்தமாக வைத்திருப்பது, அதே பெட்டியில் விண்டோஸை எடுத்துவிட்டு, கோடியை மட்டும் ஓட்டும் லிப்ரெஎலெக் போடுவது, பெட்டியை ஒதுக்கிவிட்டு ராஸ்பெரி பை என்ற சின்னக் கொம்பியூட்டர் பலகையை வாங்குவது, ஒரு ஆண்ட்ராய்டு ரீவி பெட்டியோடு கதையை முடிப்பது. நான்கையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் எதைத் தெரிவதென்று முடிவெடுக்க உதவியது அம்மா எழுதிய ஒரு சீஆர் கொப்பி.

"நிண்டுட்டு" என்பது எத்தனை வகை

ரீவிக்குப் பக்கத்தில் கொப்பியையும் பேனையையும் வைத்து, நிற்கும் நேரத்தையும் கண்ணில் பட்டதையும் மட்டும் எழுதச் சொன்னேன். இரண்டு கிழமையில் பதினொரு வரிகள். "7.40. படம் அப்படியே நிக்குது, பாட்டு மட்டும் வருது." "6.15. எல்லாம் அணைஞ்சு திரும்ப எழும்பினது. லைட்டும் ஒருக்கா மங்கினது." "9.05. படம் காணேல்ல, நீலத் திரையில குப்பைத்தொட்டிப் படம்." அந்தக் குப்பைத்தொட்டி விண்டோஸின் ரீசைக்கிள் பின், அதாவது கோடி மட்டும் மூடப்பட்டு டெஸ்க்டொப் வந்திருக்கிறது.

எண்ணிப் பார்த்தால் பெட்டி முழுதாக அணைந்து எழும்பியது ஐந்து தரம், கோடி மட்டும் தானாக மூடியது நான்கு தரம், படம் உறைந்து சத்தம் தொடர்ந்தது இரண்டு தரம். அம்மாவின் வாயில் எல்லாமே "நிண்டுட்டு". கடைக்காரருக்கு நானும் அதையேதான் சொல்லியிருந்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று வருத்தத்துக்கு ஒரே பெயரைச் சொல்லி மருந்து கேட்டவன் நான்.

பிறகு, நடந்த கோளாறுகளைப் பதிந்து வைக்கும் விண்டோஸின் ரிலையபிலிட்டி மொனிட்டரையும் இவென்ட் வியூவரையும் திறந்து, கொப்பியிலுள்ள நேரங்களோடு பொருத்தினேன். முழுதாக அணைந்த ஐந்துக்கும் 'கேர்னல்-பவர் 41' என்ற பதிவு இருந்தது. ஒழுங்காக மூடப்படாமல் இயந்திரம் மீண்டும் தொடங்கியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. காரணத்தை அம்மாவின் "லைட்டும் மங்கினது" சொன்னது. பக்கத்து வளவில் பின்னேரம் தண்ணி மோட்டர் போடும் நேரமும் அந்த நேரமும் ஒன்று. மின்னழுத்தம் ஒரு கணம் விழ, பழைய பவர் சப்ளை தாக்குப்பிடிக்கவில்லை.

கோடி மூடிய நான்கு தரத்திலும் 'ஃபோல்டிங் மொடியூல்' என்ற இடத்தைப் பார்த்தேன். எந்தக் கோப்பு ஓடும்போது விழுந்தது என்பது அங்கே இருக்கும். ஒவ்வொரு தரமும் அதே கோப்பு என்றால் அந்த டிரைவரையோ, கோடியோடு சேர்த்துப் போட்ட அந்தத் துணை நிரலையோ (ஆட்-ஒன்) பிடிக்கலாம். என்னுடையதில் நான்கு தரமும் நான்கு வேறு கோப்புகள். அப்படி இடம் மாறி மாறி விழுந்தால் முதலில் ரேமைச் சந்தேகிக்க வேண்டும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ யூஎஸ்பி குச்சியில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். இரண்டாம் சுற்றிலேயே சிவப்பு வரிகள். ரேமில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். "பெரும்பாலும் சரி" என்ற நிலை அங்கே இல்லை.

ரேமைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். பொன்னிறமாக மின்ன வேண்டிய பற்கள் வரிசையில் நாலைந்து, தேய்ந்த பித்தளை போல மங்கி, ஓரத்தில் வெள்ளையாக ஒரு மெல்லிய படலம். கல்லடி ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் ஒடுங்கிய நிலம். யன்னல் கம்பியைத் தின்னும் உப்புக்காற்று கொம்பியூட்டரை விட்டுவைக்குமா? பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் அற்ககோலால் துடைத்து, காயவைத்துப் பூட்டினேன். அடுத்த இரவு நான்கு சுற்றும் பிழையில்லாமல் முடிந்தது. கோடி தானாக மூடுவது அன்றோடு சரி.

ஆக, பதினொன்றில் ஒன்பது மென்பொருளின் குறையே இல்லை. நான்கு வழிகளில் முதல் இரண்டில் எதை எடுத்திருந்தாலும் அந்த ஒன்பதும் தொடர்ந்திருக்கும். அதனால் கீழே எழுதுவது, ரேமையும் கரண்டையும் சரி பார்த்தவர்களுக்கான ஒப்பீடு. மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் 650 விஏ யூபிஎஸ் ஒன்று எங்கள் வீட்டில் அந்த ஐந்து வரிகளையும் நிறுத்தியது.

விண்டோஸும் லிப்ரெஎலெக்கும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான், ஏனென்றால் இரண்டுக்கும் புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை.

விண்டோஸின் பலம், எல்லாம் அதில் ஓடும். பிரவுசர் இருக்கிறது, ஸ்கைப் காலத்திலிருந்து பழகிய கை இருக்கிறது, பிள்ளைகள் அதிலேயே பாடவேலை அச்செடுப்பார்கள். படம் உறைந்து சத்தம் மட்டும் வந்த அந்த இரண்டு வரிகளையும் விண்டோஸுக்குள்ளேயே என்னால் தீர்க்க முடிந்தது. கோடியின் செட்டிங்ஸ் நிலையை எக்ஸ்பேர்ட்டுக்கு மாற்றி, பிளேயர் பகுதியில் 'டிஎக்ஸ்விஏ2' என்ற ஹார்ட்வெயார் வசதியை நிறுத்தினால், படத்தைப் பிரிக்கும் வேலை கிராஃபிக்ஸிலிருந்து சிபியூவுக்குப் போகும். நிறுத்தியதும் உறைவது நின்றால் குற்றவாளி கிராஃபிக்ஸ் டிரைவர். பழைய ஐ5 சாதாரண 1080 படங்களைச் சமாளிக்கும். 4கே என்றால் திணறும்.

சந்தேகம் ஆட்-ஒன் மேல் என்றால் இன்னும் இலகுவான சோதனை உண்டு. கோடியை மூடிவிட்டு, ஆப்டேட்டா, ரோமிங் என்பவற்றுக்குள் இருக்கும் கோடி என்ற கோப்புறையின் பெயரை மாற்றுங்கள். திறந்தால் புத்தம் புதிதாக எழும்பும். அப்போது விழாவிட்டால் குறை உங்கள் பழைய அமைப்புக்குள் இருக்கிறது. 2021இல் வந்த கோடி 19, பைதன் என்ற நிரல்மொழியின் 3ஆம் பதிப்புக்கு மாறியபோது கவனிப்பாரற்ற பழைய ஆட்-ஒன்கள் நிறைய வேலை செய்யாமல் போயின. உத்தியோகபூர்வமற்ற இடங்களிலிருந்து இறக்கியவை இன்றும் பெரிய தொல்லை. இன்னொன்று: விழுந்த பிறகு ஒரு தரம் மட்டும் கோடியைத் திறந்து, நடந்ததைப் பதிந்து வைக்கும் லொக் கோப்பைப் பாருங்கள். விழுந்த நேரத்தின் பதிவு 'ஓல்ட்' என்ற பெயருள்ள கோப்புக்கு மாறியிருக்கும். இரண்டாம் தரம் திறந்தால் அது அழிந்துவிடும். நான் இரண்டு பதிவுகளை அப்படித் தொலைத்தேன்.

விண்டோஸின் பலவீனம், படம் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு அது மிகப் பெரிய வீடு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கினால், ஷட் டவுண் கொடுத்தாலும் டிரைவர்களும் விண்டோஸின் கருவான கேர்னலும் புதிதாகத் தொடங்காது. பழைய நிலையைச் சேமித்து அடுத்த நாள் அப்படியே எழுப்பும். முதல் நாள் தொடங்கிய கோளாறு மறுநாளும் தொடர்வதற்கு அது ஒரு காரணம். அதைக் கட்டாயம் நிறுத்திவிடுங்கள். அத்தோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14இல் முடித்துக்கொண்டது. நான்காம் தலைமுறை சிபியூ விண்டோஸ் 11இன் பட்டியலில் இல்லை.

லிப்ரெஎலெக் என்பது கோடியை ஓட்டுவதற்காக மட்டும் செய்யப்பட்ட சின்ன லினக்ஸ். ஓபன்எலெக்கிலிருந்து 2016இல் பிரிந்து வந்தது. எங்கள் ஊருக்கு இது ஏன் பொருந்துகிறது என்று கேட்டால், அதன் அடிப்படை முழுவதும் வாசிக்க மட்டுமே முடிகிற ஒரே கோப்பாக இருக்கிறது. கரண்ட் திடீரென்று போனாலும் அதில் எதுவும் பாதியில் எழுதப்பட்டு நிற்காது. அமைப்புகளும் படப்பட்டியலும் தனிப் பகுதியில் இருக்கும். கெட்டால் அந்தப் பகுதி கெடும், பெட்டி எழும்பும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. கோடி விழுந்தால் அதுவே மீண்டும் தொடக்கிவிடும். அம்மாவின் கண்ணுக்குப் படுவது ஒரு கறுப்புத் திரையும் மறுபடி மெனுவும். அடுத்தடுத்து விழுந்தால் பாதுகாப்பு நிலையில் வெறுமையாகத் திறக்கும். விழுந்த ஒவ்வொரு முறைக்கும் தனித்தனிக் கோப்பு எழுதி வைக்கும், எனவே நான் தொலைத்த மாதிரித் தொலைக்க வேண்டியதில்லை.

குறையும் உண்டு. பிரவுசர் இல்லை. நகலெடுக்க விடாமல் பூட்டுப் போட்ட ஸ்ட்ரீமிங் சேவைகள் சிரமம். என்விடியா கார்ட் உள்ளவர்கள் வழமையான ஜெனரிக் பதிப்பை விட்டு ஜெனரிக்-லெகசிப் பதிப்பை எடுக்க வேண்டும். படங்கள் இருக்கும் வெளி டிஸ்க் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) ஆக இருந்து, அதை விண்டோஸ் ஒழுங்காக மூடாமல் விட்டிருந்தால், லினக்ஸ் அதைத் திறக்க மறுக்கும். எனக்கு முதல் நாள் அப்படித்தான் வெறும் பட்டியல் வந்தது; டிஸ்க்கை ஒரு விண்டோஸ் லப்டொப்பில் பூட்டி, பிழை பார்த்து, 'ஈஜெக்ட்' கொடுத்துக் கழற்றிய பிறகு சரியானது. ரீவியை நிறுத்தி மீண்டும் போடும்போது படமோ சத்தமோ வராவிட்டால், 'கெட்-ஈடிஐடி' என்ற கட்டளை ரீவியின் விபரத்தை ஒரு தரம் பதிந்து வைத்துவிடும். பிறகு ரீவி அணைந்திருந்தாலும் பெட்டி குழம்பாது.

என் தீர்ப்பு லிப்ரெஎலெக் பக்கம். மார்ச் மாதம் மாற்றினேன். கொப்பியில் அதற்குப் பிறகு இரண்டே வரிகள், இரண்டும் டிஸ்க் கேபிள் கழன்றது.

ராஸ்பெரி பை

பை 4 படத்துக்கு நல்ல பலகை. படத்தைச் சுருக்கும் முறைகளில் எச்.264இல் 1080, எச்.265இல் 4கே, இரண்டையும் ஹார்ட்வெயாரிலேயே பிரிக்கும். 2023இல் வந்த பை 5இல் வேகம் கூட, ஆனால் எச்.264க்கான ஹார்ட்வெயார் அதில் இல்லை. சிபியூ பலமானது என்பதால் பார்ப்பதில் வித்தியாசம் தெரியாது. மின்செலவு மிகக் குறைவு, விசிறிச் சத்தம் இல்லை.

எங்கள் பக்கத்தில் அதற்கு எதிரி இரண்டு. ஒன்று பவர். பை 4க்கு 5.1 வோல்ட், 3 அம்பியர் வேண்டும். போன் சார்ஜரில் கொளுவினால் அழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழ் போகும்போது திரை மூலையில் மஞ்சள் மின்னல் அடையாளம் வரும், அதன் பின்னால் தொங்கலும் விழலும் வரும். ரூட்டருக்காக எல்லாரும் வாங்கிய மினி யூபிஎஸ்ஸின் 5 வோல்ட் துளை பெரும்பாலும் அந்த 3 அம்பியரைத் தாங்காது. மற்றது எஸ்டி கார்ட்: எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் அது கெடலாம். யூஎஸ்பியில் ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு அதிலிருந்து தொடக்கினால் அந்தப் பயம் குறையும், செலவு கூடும். பழைய கொம்பியூட்டர் கையில் இல்லாதவருக்குப் பை சரி. இருப்பவர் அதை ஒதுக்கிவிட்டு இதை வாங்க நான் காரணம் காணவில்லை.

ஆண்ட்ராய்டு பெட்டி

இதில் இரண்டு இனம். கூகிளின் ஆண்ட்ராய்டு ரீவி அங்கீகாரம் பெற்ற பெட்டி ஒன்று. போனுக்கான ஆண்ட்ராய்டை ரீவிக்கு நீட்டிய பெயரில்லாப் பெட்டி மற்றது. இரண்டாவதில், வைட்வைன் என்ற நகல் தடுப்புப் பூட்டின் கீழ் நிலையான எல்3 மட்டும் இருந்தால் கட்டணச் சேவைகள் எச்டி தராது. பல பெட்டிகளில் உள்ளே விசிறி இல்லை. ரீவிக்குப் பின்னால் காற்றில்லாமல் சொருகி வைத்தால் சூடேறித் தானாகத் தொடங்கும், அதையும் நாங்கள் "மென்பொருள் குறை" என்போம். விழுந்தால் காரணம் தேட லொக்கும் கைக்கு எட்டாது.

ஆனால் திருக்கோவிலில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது இதைத்தான். அவ வீட்டில் டிஸ்க்கில் படம் இல்லை. பார்ப்பது யூடியூப், கோயில் நேரலை, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் இணைப்புகள். அங்கீகாரமுள்ள பெட்டி, 12 வோல்ட், ரூட்டரின் மினி யூபிஎஸ்ஸிலேயே ஒரு துளை மிச்சம் இருந்தது. ரீவிக்குப் பின்னால் சொருகாமல் மேசையில் திறந்து வைத்திருக்கிறோம்.

லிப்ரெஎலெக் போட முடிவெடுப்பவர்கள், நிறுவத் தொடங்க முதல் படங்கள் உள்ள வெளி டிஸ்க்கைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். நிறுவும் நிரல் நீங்கள் காட்டும் டிஸ்க்கை முழுதாக அழிக்கும், பட்டியலில் வருவது பெயர்களும் இலக்கங்களும் மட்டும். யூஎஸ்பி குச்சியிலிருந்து தொடக்கும்போது வரும் முதல் திரையில் 'ரன்' என்று கொடுத்தால், உள்ளே எதையும் தொடாமல் இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்க்கலாம். சத்தம், ரிமோட், வைஃபை மூன்றும் அந்த நாட்களில் தெரிந்துவிடும்.