காசு குடுத்து வாங்குன தொட்டாச்சிணுங்கி

தொட்டாச்சிணுங்கி வளக்குற கிட் ஒண்ணு ஆன்லைன்ல 19 ரிங்கிட் 90 காசுக்கு வாங்குனேன். குட்டிப் பூச்சட்டி, தேங்கா நார் உருண்டை, 20 விதை, ஒரு துண்டு பேப்பர், அவ்ளோதான். பார்சலப் பாத்ததும் அம்மா, "ஏன்டி, செமாலுக்கா (தொட்டாச்சிணுங்கிக்கு மலாய்ல அதான் பேரு) காசு குடுத்த? எஸ்டேட்ல ரப்பர் பால் வெட்டப் போறப்ப காலெல்லாம் கீறுனது இதுதான்"ன்னு ஒரே சிரிப்பு. கோலாலம்பூர் செந்தூல்ல எங்க ஃபிளாட்டுக்குக் கீழ பாடாங் (திடல்) ஓரத்துலயே கெடக்குதுதான், ஆனா மகனுக்கு விதையிலருந்து காட்டணும்னு ஆசை.

பேப்பர்ல, தூவி தண்ணி தெளிங்க ஒரு வாரத்துல முளைக்கும்னு இருந்துச்சு. பத்து விதை போட்டேன், மூணு வாரமாகியும் ஒண்ணும் வரல. இதோட தோல் கல்லு மாதிரி, தண்ணி உள்ள எறங்காது, மண்ணுக்குள்ள வருசக்கணக்கா சும்மா கெடக்கும். மிச்சம் பத்தையும் சுடுதண்ணில போட்டு ராத்திரி முழுக்க ஊற வச்சேன், காலைல ஏழு விதை உப்பியிருந்துச்சு, நாலாம் நாள் ஆறு முளைச்சிருச்சு. இத ஒரு வரி எழுதுறதுக்கு என்னங்க கஷ்டம்?

செடி மேல ஒரு குறையும் இல்ல. காம்பு அடியில குண்டா ஒரு முட்டு இருக்கு பாருங்க, தொட்டதும் அதுல ஒரு பக்கத்து செல்லுலருந்து பொட்டாசியம் வெளிய போகும், பின்னாலயே தண்ணியும் போயிரும், காத்து எறங்குன டயர் மாதிரி காம்பு தொங்கிரும். நுனியில லேசா தொட்டா ஜோடி ஜோடியா அடிவரைக்கும் மூடிக்கிட்டே வரும், மகன் மூச்சுக்கூட விடாம பாத்தான். திரும்ப விரிய பத்து பதினஞ்சு நிமிசம் ஆகும்.

பெட்டியில "எப்ப தொட்டாலும் சுருங்கும்"னு போட்டிருக்கு, சுத்தப் பொய். ராத்திரி அதுவே மூடிக்கும், மொத நாள் செத்துப் போச்சுன்னு பையன் அழுதான். ஒரு சனிக்கெழம பூரா நோண்டிக்கிட்டே இருந்தான், சாயங்காலம் தொட்டா சரியா மூடவே இல்ல. கடைக்காரர்கிட்ட சாட்ல கேட்டா தண்ணி கூட ஊத்துங்கன்னாரு, ஊத்துனதுல ஒரு செடி அழுகிப் போச்சு. 2014ல வந்த ஒரு ஆய்வுல சட்டியோட திரும்பத் திரும்ப கீழ விட்டுப் பாத்திருக்காங்க, ஆபத்து இல்லன்னு ஆனதும் செடி மூடுறதயே நிறுத்திருச்சாம். எங்க வீட்டு செடிக்கும் அலுத்துப் போயிருக்கும்னு நெனக்கிறேன்.

இப்ப நாலாவது மாசம், ரோஸ் கலர்ல பஞ்சு உருண்டை மாதிரி பூ, காலைல விரிஞ்சா சாயங்காலம் வாடிரும். பின்னாடி முள்ளு முள்ளா காய்க் கொத்து, துணியில ஒட்டிக்கும், ஒரு காயில மூணு நாலு விதை.

கிட்டுக்கு ரெண்டு ஸ்டார். செந்தூல் பக்கம் யாருக்காச்சும் விதை வேணும்னா கேளுங்க, சும்மாவே தரேன், சுடுதண்ணி மட்டும் நீங்க வச்சுக்கணும்.